குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் செடி மருந்து: மருந்தகப் புட்டியா, கடை எண்ணெயா, வேப்பரைசரா?

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காத குழந்தைக்கு, மூன்றாவது மருந்தால் அது முழுதாக நிற்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. நரம்பியல் மருத்துவர்கள் இதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெற்றோர் இந்த இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி என்ற பொருளைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் வருகிறது. யாராவது ஒரு வீடியோ அனுப்புவார்கள். இன்னொருவர் டிஸ்பென்சரியில், அதாவது கஞ்சா விற்க உரிமம் பெற்ற கடையில், கிடைக்கும் எண்ணெயின் பெயரைச் சொல்வார். வேறொருவர், வாய்வழி கொடுப்பதெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆவியாக இழுத்தால் உடனே கேட்கும் என்பார். மருத்துவரிடம் கேட்கத் தயக்கம், கேட்காமல் கொடுக்கவும் பயம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை விஷயத்தில் கஞ்சா நல்லதா கெட்டதா என்று வாதாடுவதில் பயனில்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா? ஒவ்வொரு வேளையும் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க முடியுமா? பலன் தருகிறதா இல்லையா என்று மூன்று மாதத்தில் கண்டுபிடிக்க முடியுமா? மருத்துவரின் சீட்டில் மருந்தகத்தில் கிடைக்கும் சுத்திகரித்த சிபிடி மூன்றுக்கும் ஆமாம் என்கிறது. கடை எண்ணெய் பாதிக் கேள்விகளில் தடுமாறுகிறது. செடியையோ எண்ணெயையோ சூடாக்கி ஆவியாக இழுக்க வைக்கும் கருவியான வேப்பரைசர், குழந்தையைப் பொறுத்தவரை, மூன்றிலும் தோற்கிறது.

கொஞ்சம் அடிப்படை. கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. டிஎச்சி போதை தருவது. சிபிடி எனப்படும் கன்னாபிடியால் போதை தராது, ஆனால் மூளையில் வேலை செய்யும். போதை தராததால் அது சாதுவான பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லீரலைத் தொடும், மற்ற மருந்துகளோடு மோதும். அதைப் பிறகு பார்ப்போம்.

யாருக்கு இந்தப் பேச்சே பொருந்தும்

எல்லா வலிப்புக்கும் சிபிடி மருந்தில்லை. நல்ல ஆதாரம் இருப்பது மூன்று நோய்களுக்கு. முதலாவது டிராவே சிண்ட்ரோம்: பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் ஏற்படும் பிழையால் வருவது. முதல் வயதிலேயே, பல நேரம் காய்ச்சலோடு சேர்ந்து, நீண்ட வலிப்பாகத் தொடங்கும். இரண்டாவது லெனாக்ஸ்-காஸ்டோ சிண்ட்ரோம்: நின்றுகொண்டிருக்கும் குழந்தை திடீரென்று விழுந்து முகத்தில் அடிபட்டுக்கொள்ளும் வகை வலிப்பு இதில் அதிகம். மூன்றாவது ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ்: மூளை உட்படப் பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய். உங்கள் குழந்தையின் வலிப்பு இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் சிபிடி பலன் தராது என்று சொல்லவில்லை. ஆனால் இனி நான் சொல்லப்போகும் எண்கள் அந்தக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது.

அதனால் முதல் செலவு எண்ணெய்க்குப் போகக்கூடாது, நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்குப் போக வேண்டும். டிராவே குழந்தைக்கு கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற, நரம்பின் சோடியம் சேனலைத் தடுக்கும் வலிப்பு மருந்துகள் வலிப்பைக் கூட்டிவிடும். மரபணுப் பரிசோதனை செய்து, அப்படி ஒரு மருந்தை நிறுத்தினாலே நிலைமை தேறிய குழந்தைகள் உண்டு. போட்டியில் வேறு மருந்துகளும் இருக்கின்றன. டிராவேவுக்கு ஸ்டிரிபென்டால் 2018இலும் ஃபென்ஃப்ளூரமின் 2020இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஃபென்ஃப்ளூரமின் கொடுத்தால் இதய வால்வைக் கவனிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும், ஆனால் அந்தத் தொந்தரவுக்கு ஈடான பலன் பல குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவுமுறையும் இருக்கிறது. சோறும் இட்லியும் இல்லாமல் ஒரு தமிழ் வீட்டில் அதை நடத்துவது பெரும்பாடுதான். இருந்தாலும் அதற்கான ஆதாரம் பல எண்ணெய்களுக்கு இருப்பதைவிட உறுதியானது.

மருந்தகத்தில் கிடைக்கும் சிபிடி

எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் வரும் இந்த மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ இரண்டுக்கும் அனுமதி தந்தது. 2020இல் ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் சேர்ந்தது. வயது வரம்பும் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. செடியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த சிபிடி, நல்லெண்ணெயில் கரைத்தது, ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதே அளவு. எள் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் இது ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிராவே குழந்தைகளிடம் நடந்த முக்கியமான ஆய்வு 2017இல் வெளிவந்தது. 120 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே சுவையில் மருந்தில்லாத கரைசல். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களிடம் மாதத்துக்கு நடுவளவாக 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது. மற்றவர்களிடம் 14.9 இருந்தது 14.1 ஆனது. வலிப்பு முழுதாக நின்றவர்கள் மருந்துப் பிரிவில் 5 சதவீதம், மற்றதில் ஒருவரும் இல்லை. லெனாக்ஸ்-காஸ்டோ ஆய்வில் 225 பேர்; விழும் வலிப்பு அதிக அளவு பெற்றவர்களிடம் 42 சதவீதம் அளவுக்கும், குறைந்த அளவு பெற்றவர்களிடம் 37 சதவீதம் அளவுக்கும், மருந்தில்லாதவர்களிடம் 17 சதவீதமும் குறைந்தது.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வலிப்பு பாதியாகும் குழந்தைக்கு அது பெரிய விடுதலை: இரவில் தூக்கம், அடிபடாத முகம், அவசரப் பிரிவுக்கு ஓடாத ஒரு மாதம். ஆனால் வலிப்பை அடியோடு போக்கிவிடும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கினால் மனம் உடையும். இன்னொன்று, டிராவே ஆய்வில் மருந்தே பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. மருந்து பெற்றவர்களில் அது 43 சதவீதம். அந்த 27ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடை எண்ணெய்க்கு வரும்போது தேவைப்படும்.

கொடுக்கும் முறை எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 5 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்துத் தொடங்குவார்கள். ஒரு வாரம் கழித்து 10 மில்லிகிராம். தேவைப்பட்டால் 20 வரை போவார்கள், ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கு 25 வரை. 20 கிலோ குழந்தைக்கு 10 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு 200 மில்லிகிராம், அதாவது காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி. சிரிஞ்சில் அளந்து கொடுக்கலாம். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு கொடுத்தால் ரத்தத்தில் சேரும் மொத்த அளவு நான்கு மடங்காகக்கூட ஏறும். ஆகவே ஒருநாள் வெறும் வயிற்றில், மறுநாள் நெய் தோசைக்குப் பிறகு என்று மாற்றக்கூடாது. எப்படிக் கொடுக்கிறோமோ அப்படியே தினமும்.

பக்கவிளைவுகள்: தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு, கல்லீரல் என்சைம் உயர்வு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் எடுக்கும் குழந்தைகளிடம்தான் கல்லீரல் பிரச்சினை அதிகம். தொடங்கும் முன்பும், பிறகு ஒன்று, மூன்று, ஆறு மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை உண்டு. க்ளோபஜாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எடுக்கும் குழந்தைக்கு வேறொரு சிக்கல். உடலில் க்ளோபஜாம் மாறி உருவாகும் வேதிப்பொருளின் அளவைச் சிபிடி மூன்று மடங்குவரை ஏற்றிவிடும். குழந்தை நாள் முழுக்கச் சொக்கிக் கிடந்தால் சிபிடியால்தான் என்று நினைத்து அதை நிறுத்துவார்கள். பல நேரம் க்ளோபஜாமைக் குறைத்தால் சரியாகிவிடும். ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கு எவரோலிமஸ் எடுக்கும் குழந்தைக்கு அந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் கூடும். இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்ய ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பதே இந்த வழியின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

விலைதான் பலவீனம். 2018இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டாலர் என்று விலை வைத்தார்கள். மேலே சொன்ன மூன்று நோய்களில் ஒன்று இருந்தால் காப்பீடு பெரும்பாலும் ஏற்கும், ஆனால் முன் அனுமதிக்காக மருத்துவர் கடிதம் எழுதி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மூலம் கிடைக்கிறது. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோவுக்கு 2019 டிசம்பரில், என்எச்எஸ் எந்த மருந்தைத் தரலாம் என்று மதிப்பிடும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: க்ளோபஜாமோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும், வலிப்பு குறைந்தது 30 சதவீதமாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். கறாரான விதியாகத் தெரியலாம். எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது. எப்போது நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்த சிகிச்சை அது.

டிஸ்பென்சரி எண்ணெய்

இந்த மருந்து வருவதற்கு முன்பே கொலராடோவில் கதை தொடங்கிவிட்டது. டிராவே நோயோடு வாரத்துக்கு முந்நூறு வலிப்பு வரை கண்ட ஷார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு, டிஎச்சி குறைவாகவும் சிபிடி அதிகமாகவும் உள்ள செடியின் எண்ணெய் கொடுத்தபோது வலிப்பு வெகுவாகக் குறைந்தது. 2013இல் தொலைக்காட்சியில் அது வந்ததும் அமெரிக்கா முழுவதிலிருந்தும் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தன. அந்தப் பெற்றோர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அன்று அவர்களுக்கு வேறு வழி இல்லை. முறையான ஆய்வுகள் வேகம் பிடித்ததற்கும் சட்டங்கள் மாறியதற்கும் அவர்களும் ஒரு காரணம். ஷார்லட் 2020 ஏப்ரலில் தன் 13ஆம் வயதில் இறந்துபோனாள்.

அந்தக் கொலராடோ அலையில் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் எண்ணெய் எடுத்துக்கொண்ட 75 குழந்தைகளின் பதிவுகளை 2015இல் அலசினார்கள். வலிப்பு பாதிக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னது 33 சதவீதம் குழந்தைகளுக்கு. இதில் ஒரு பிரிவினை செய்து பார்த்தபோது, எண்ணெய்க்காகவே மாநிலம் மாறி வந்த குடும்பங்களில் 47 சதவீதம் பேர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே கொலராடோவில் வாழ்ந்தவர்களில் 22 சதவீதம் பேர்தான். குடிபெயர்ந்த குழந்தையின் மூளையில் எண்ணெய் இரண்டு மடங்கு வேலை செய்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. வேலையை விட்டு, சொந்தபந்தத்தை விட்டு, கடைசி நம்பிக்கையாக வந்து நிற்கும் ஒரு தாய்க்கு, வலிப்பு குறைந்த வாரம் கண்ணில் படும், கூடிய வாரம் மனதில் தங்காது. இதில் பொய் எதுவுமில்லை, அன்பு அப்படித்தான் பார்க்கும். மருந்தே பெறாத 27 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலிப்பு தானாகவே கூடிக் குறையும் நோய் இது. நாட்குறிப்பில் தேதி போட்டு எண்ணாமல் எந்த எண்ணெயையும் மதிப்பிட முடியாது.

இனி புட்டிக்குள் இருப்பது. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வு 2017இல் வந்தது. லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தியவை 31 சதவீதம் மட்டுமே. 43 சதவீதத்தில் எழுதியதைவிட அதிகமாகவும் 26 சதவீதத்தில் குறைவாகவும் இருந்தது. 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. பெரியவர் ஒருவர் முதுகுவலிக்கு எடுக்கிறார் என்றால் இது எரிச்சலூட்டும் செய்தி, அவ்வளவுதான். வலிப்புள்ள குழந்தைக்கு ஒரு புட்டி முடிந்து அடுத்த புட்டி திறக்கும்போது அளவு பாதியாவதும் ஆபத்து, இரட்டிப்பாவதும் ஆபத்து.

லேபிள் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. 30 மில்லி புட்டியில் மொத்தம் 1,500 மில்லிகிராம் சிபிடி என்று எழுதியிருக்கும். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். நாம் பார்த்த 20 கிலோ குழந்தைக்கு ஆய்வில் பலன் தந்த அளவான 200 மில்லிகிராம் கொடுக்க நாளுக்கு நான்கு மில்லி வேண்டும். ஒரு புட்டி ஏழரை நாளில் தீர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுவல்ல: காலையில் பத்து சொட்டு, இரவில் பத்து சொட்டு. பத்து சொட்டு சுமார் அரை மில்லி, ஆக நாளுக்கு 50 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த அளவில் கால் பங்கு. மாறாக, நான்கு மில்லி கொடுக்கிறீர்கள் என்றால் டிஎச்சி கணக்கு வருகிறது. அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டப்படி 0.3 சதவீதம் வரை டிஎச்சி உள்ள செடி சட்டத்தின் கண்ணில் கஞ்சா அல்ல, வெறும் ஹெம்ப். எண்ணெயும் அந்த எல்லையைத் தொட்டிருந்தால் ஒரு மில்லியில் ஏறத்தாழ 2.8 மில்லிகிராம் டிஎச்சி, நான்கு மில்லியில் 11 மில்லிகிராம். செயற்கை டிஎச்சி மருந்தான ட்ரோனாபினாலை, பசியின்மைக்காகப் பெரியவர்களுக்கே நாளுக்கு மொத்தம் 5 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். 0.3 என்ற எண் சிறியதாகத் தெரிகிறது, 20 கிலோ உடம்புக்கு அது சிறியதில்லை.

இருந்தும் சில குழந்தைகளுக்கு, சுத்திகரித்த சிபிடி பலன் தராமல், சிறிதளவு டிஎச்சியும் சேர்ந்த முழுச்செடி எண்ணெயில் வலிப்பு அடங்கியதாக மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2018இல் சட்டம் மாறியதற்கே அப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்கள் நடத்திய போராட்டம்தான் காரணம். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் எழுதித்தரலாம் என்றாகியும், என்எச்எஸ் மூலம் இந்த எண்ணெய்கள் கிடைத்த குழந்தைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்றவர்களில் பலர் தனியாரிடம் மாதத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கிறார்கள். 2021இல் பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது, நடைமுறைக்கு வந்தபோது நெதர்லாந்திலிருந்து வரும் எண்ணெய் நின்றுவிடுமோ என்று அந்த வீடுகள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. திடீரென்று நின்றால் வலிப்பு பொங்கிக்கொண்டு வரும். இந்த வழியில் போவதானால் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆய்வகச் சான்று, குழந்தைகள் நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வை, சப்ளை உறுதி மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் தயங்குவேன். மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், க்ளோபஜாம் ஏன் ஏறியது என்று அவர் இருட்டில் தேடுவார்.

வேப்பரைசர்

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். வாய்வழி சிபிடி ரத்தத்தில் உச்சத்துக்குப் போக இரண்டரை முதல் ஐந்து மணிநேரம் ஆகும். கல்லீரலில் பெரும்பகுதி அழிந்துபோகும். ஆவியாக உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும், சேரும் அளவும் சில மடங்கு அதிகம். இலையை எரிக்காமல் 180 முதல் 210 டிகிரி வரை சூடாக்கும் கருவிகளில் புகை, தார் குறைவு. ஜெர்மனியில் தயாராகும் ஒருசில கருவிகளுக்கு மருத்துவச் சாதனம் என்ற சான்றே உண்டு. பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கு அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வேப்பரைசர் என்றாலே ஏமாற்று என்று சொல்ல முடியாது.

ஆனால் குழந்தைக்கு? வலிப்பைத் தடுக்கத் தேவை நாள் முழுக்கச் சீரான அளவு. வாய்வழி சிபிடியைத் தொடர்ந்து கொடுத்தால் அதன் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 60 மணிநேரம் ஆகும். அதனால் அளவு சமமாக நிற்கிறது. ஆவியின் வேலை இரண்டு மூன்று மணிநேரத்தில் முடிந்துவிடும். அளவுக் கணக்கும் உதைக்கிறது. 10 சதவீதம் சிபிடி உள்ள பூவில் 100 மில்லிகிராம் எடுத்தால் 10 மில்லிகிராம் சிபிடி. நுரையீரல் வழியில் ஐந்து மடங்கு அதிகமாகச் சேர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், வாய்வழி 200 மில்லிகிராமுக்கு ஈடாக நாளுக்கு 400 மில்லிகிராம் பூவின் ஆவியை அந்தக் குழந்தை இழுத்தாக வேண்டும். பிறகு இழுப்பது என்பதே ஒரு திறமை. ஆழமாக, மெதுவாக, நிறுத்தி. ஆஸ்துமா இன்ஹேலரையே ஐந்து வயதுக் குழந்தைக்கு ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாய் இல்லாமல் கொடுக்க முடிவதில்லை. லெனாக்ஸ்-காஸ்டோ குழந்தைகளில் பலருக்கு அறிவு வளர்ச்சியும் தாமதம். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு அறைக்குள் பரவியது, பக்கத்தில் இருந்த தம்பிப் பாப்பா எவ்வளவு சுவாசித்தது, எதுவும் தெரியாது.

வலிப்பு வந்து நிற்காதபோது அவசரத்துக்காவது ஆவி உதவாதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வலிப்பில் இருக்கும் குழந்தையால் உறிஞ்சி இழுக்க முடியாது. முகத்தருகே ஆவியை ஊதினால் போகும் அளவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அந்த இடத்துக்கு நிரூபணமான மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. கன்னத்துக்குள் விடும் மிடாசோலம், மூக்கில் அடிக்கும் மிடாசோலம் அல்லது டயஸெபாம், ஆசனவாய் வழி டயஸெபாம். நிமிடங்களில் வேலை செய்பவை, எடைக்கோ வயதுக்கோ ஏற்ற அளவோடு வருபவை. பள்ளி நர்சும் கொடுக்கலாம், ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் புரியும். வேகம்தான் வேப்பரைசரின் ஒரே வாதம் என்றால் அந்த வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

எண்ணெய் அடைத்த கார்ட்ரிட்ஜ், வேப் பேனா பக்கம் போகவே வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் வேப் செய்தவர்களுக்கு வந்த நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறப்பு மட்டும் 68. பெரும்பாலும் கள்ளச்சந்தை போன்ற முறைசாரா வழிகளில் வாங்கிய டிஎச்சி கார்ட்ரிட்ஜ்கள். எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் குற்றவாளி. விழுங்கினால் ஒன்றும் செய்யாத பொருள், சூடாக்கி நுரையீரலுக்குள் அனுப்பியபோது கொன்றது. வாய்வழி பாதுகாப்பானது மூச்சுவழியும் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை அந்த ஆண்டோடு எல்லோரும் கைவிட்டிருக்க வேண்டும்.

சட்டங்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. கொலராடோவில் பள்ளிக்குள் குழந்தைக்குக் கஞ்சா மருந்து கொடுக்க 2016 சட்டம் வழி செய்கிறது, ஆனால் புகைக்காத வடிவங்கள் மட்டும். உயிர் பிரியும் நிலையில் உள்ள நோயாளிகளுக்கு மருத்துவமனைக்குள் கஞ்சா மருந்தை அனுமதிக்கும் கலிஃபோர்னியாவின் 2021 சட்டம்கூட புகைப்பதையும் வேப் செய்வதையும் விலக்கியே வைத்திருக்கிறது.

புற்றுநோய், ஆட்டிசம்

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையால் வரும் வாந்திக்கு ட்ரோனாபினாலும், டிஎச்சியைப் போன்ற செயற்கை மருந்தான நாபிலோனும் 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. குழந்தைகளுக்கு முதல் வரிசை ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெதாசோன், அப்ரெபிடன்ட் ஆகியவையே. அவை போதாதபோது அல்லது டெக்ஸாமெதாசோன் கூடாதபோது நாபிலோன் பேச்சு வரும். வளர்ந்த பையனோ பெண்ணோ எதையும் விழுங்க முடியாமல் துவண்டு கிடக்கும்போது ஆவி இழுக்கலாமா என்று கேட்பார்கள். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்த உடலில், இலையில் ஒட்டியிருக்கும் ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். நாக்கில் கரையும் ஒன்டான்செட்ரான் மாத்திரை இருக்கும்போது அந்த ஆபத்து தேவையே இல்லை. இனி குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று முடிவான பிறகு, வலி தணிப்பு மருத்துவரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து எடுக்கும் முடிவு வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் எஃப்டிஏ அனுமதிக்கு வெளியே கஞ்சாவைப் பயன்படுத்துவதை எதிர்த்த அதே கையோடு, உயிருக்கு ஆபத்தான நோயுள்ள குழந்தைகளுக்கு விதிவிலக்கு இருக்கலாம் என்று இடம் வைத்தது.

ஆட்டிசத்துக்கு இப்போதைக்கு அவசரப்படாதீர்கள். இஸ்ரேலில் 150 பேரிடம் நடந்த ஆய்வில் முடிவுகள் கலவையாக இருந்தன. முதன்மையாக அளந்த இரண்டு நடத்தைக் கணக்குகளில் ஒன்றில் மருந்து முந்தியது, மற்றதில் முந்தவில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்கிறது, தனியே எடுத்த இலையை அந்த வரையறைக்கு வெளியே விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் விஜயா என்ற பெயரோடு ஆயுர்வேத உரிமத்தில் எண்ணெய்கள் விற்கின்றன. நான் மேலே சொன்ன டிஎச்சி கணக்கும் லேபிள் கேள்வியும் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். டிராவே குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இந்த எண்ணெய்களை வைத்து நடந்ததல்ல. மளிகைப் பொருள் போலக் கிடைக்கும் ஹெம்ப் விதை எண்ணெயில் சிபிடி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வலிப்புக்கு அதை வாங்கிக் கொடுப்பது காலத்தைத்தான் வீணாக்கும். வேப்பரைசரைப் பொறுத்தவரை 2019இன் மின்சிகரெட் தடைச் சட்டம் நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆவியாக்கி இழுக்கும் கருவிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்கிறது. வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருபவர்கள் சிங்கப்பூர், துபாய் வழியாக வந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவே இருந்தாலும், அந்த நாட்டின் முன் அனுமதி இல்லாமல் புட்டியைப் பையில் வைக்காதீர்கள். டிக்கெட் போடும்போதே நேர்விமானமா என்று பாருங்கள்.

தொடங்குவது என்று முடிவு செய்தால்

மருந்து தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பிருந்தே வலிப்பை எண்ணுங்கள். எந்த வகை, எத்தனை, எவ்வளவு நேரம். முடிந்தால் வீட்டில் ஒருவர் மட்டும் எண்ணட்டும், ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் வேறு மருந்தையோ உணவுமுறையையோ மாற்ற வேண்டாம், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எத்தனை சதவீதம் குறைந்தால் தொடர்வது என்று மருத்துவரோடு பேசி முதல் நாளே எழுதி வையுங்கள். பலன் இல்லை என்று தெரிந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள்.

டிஎச்சி உள்ள எதுவும் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டங்களைத் தெரியாமல் சாப்பிட்டதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. அண்ணனின் மருந்தைத் தங்கை மிட்டாய் என்று எடுத்துவிட்டால், எழுப்பினாலும் எழாத தூக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். அப்போது என்ன சாப்பிட்டாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காரணம் தேடி ஸ்கேனும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் பரிசோதனையும் என்று நேரம் போய்விடும்.